சிலிண்டரோடு காணாமல் போனவர்

"ஆளைக் கடத்தினவன் திரும்பி வந்து காஸ் சிலிண்டரையும் கடத்திக்கொண்டு போயிருக்கான் மிஸ்," என்றேன் நான். "விலைவாசி அப்படி."

பிரசாந்தி மிஸ் சிரிக்கவில்லை. என் பகிடி விளங்காவிட்டால் அவர் "என்ன?" என்று கேட்பார். இன்று கேட்கவில்லை. ஆகவே விளங்கியிருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன். அவருடைய துப்பறியும் அலுவலகத்தில் வேலைக்கு வந்த நாள் முதல் எனக்குக் கிடைக்கும் கைதட்டல் இவ்வளவுதான்.

நாங்கள் நின்றது உள்துறைமுக வீதியில் ஒரு மாடி வீட்டின் பின் விறாந்தையில். அங்கே வாடகைக்கு இருந்தவர் இராகுலன் என்ற காஸ் எஞ்சினியர். கடலுக்கு அப்பால் ஒரு நாட்டின் எரிவாயுக் கிணறுகளில் தலை நரைக்கும்வரை வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். கல்யாணம் கட்டாதவர். திங்கட்கிழமையிலிருந்து ஆளைக் காணவில்லை. இன்று வியாழன்.

ஊரெல்லாம் காஸ் அடுப்புகள் வெடித்த அந்த வருடத்துக்குப் பிறகு எங்கள் பக்கத்தில் பலர் சிலிண்டரை வீட்டுக்குள் வைப்பதில்லை. வெளியே வைத்துவிட்டுக் குழாயைச் சுவர் ஓட்டையால் குசினிக்குள் விடுவார்கள். செவ்வாய்க்கிழமை நாங்கள் வந்து பார்த்தபோது இராகுலனின் சிலிண்டர் இந்த விறாந்தையில் நின்றது. இப்போது அது நின்ற இடத்தில் வட்டமாகத் துருக்கறை மட்டும் இருந்தது. ரெகுலேட்டரைக் கழற்றி, குழாயோடு சுருட்டி, கொடிக்கம்பியில் ஒழுங்காகத் தொங்கவிட்டிருந்தார்கள்.

எங்களைக் கூப்பிட்டவர் கீழ்வீட்டில் தையல் தைக்கும் வீட்டுக்காரி பல்கீஸ் ராத்தா. நேற்று முழுக்கக் கிண்ணியாவில் மகள் வீட்டில் நின்றதாகவும், காலையில் மேலே வந்து பார்த்தால் சிலிண்டர் இல்லை என்றும் சொன்னார். பூட்டு உடையவில்லை. வேறு ஒரு கரண்டிகூடக் குறையவில்லை.

"நல்ல மனுசன் தம்பி," என்றார் என்னிடம். "சத்தமே இல்ல. மேல ஒராள் இருக்காரு எண்டு தண்ணி ஓடுற சத்தத்திலதான் எங்களுக்குத் தெரியும்."

மிஸ் குசினிக்குள் போனார். நானும் பின்னால் போனேன். ஒரு பீங்கான், ஒரு கோப்பை, ஒரு கதிரை. யன்னல் தட்டில் மூச்சிழுப்புக்காரர்கள் வாயில் அடிக்கும் இன்ஹேலரின் வெறும் பெட்டிகள். மிஸ் அந்த ஒற்றைக் கதிரையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அன்புவழிபுரத்தில் அவருடைய குசினியிலும் ஒரு கதிரைதான். குடும்பம் முழுக்கக் கனடாவில். நான் ஒருமுறை ஓட்டோவில் சாமான் இறக்கப் போனபோது கண்டேன். அதைப் பற்றி மட்டும் நான் பகிடி விடுவதில்லை.

"சிலிண்டர் களவெடுக்க வாறவன் ரெகுலேட்டரை விட்டிட்டுப் போவானா, ஸப்வான்?" என்று கேட்டார்.

மறந்திருப்பான் என்றேன். கழற்றிச் சுருட்டித் தொங்கவிட நேரம் இருந்தவனுக்கு மறதி வராது என்றார் அவர். இதைச் செய்தவரிடம் திறப்பு இருக்கிறது, அவசரம் இல்லை, பொருளைக் குழப்பாமல் வைக்கும் பழக்கம் இருக்கிறது. வேறு யாருமில்லை, இராகுலனேதான்.

"ஆளைக் கடத்தேல்ல," என்றார் மிஸ். "அவர் எங்கயோ இருந்து சமைக்கிறார். அந்தக் குசினியில குக்கர் இருக்கு, ரெகுலேட்டர் இருக்கு. காஸ் மட்டும் இல்ல."

"அப்படிப் பார்த்தா நாட்டில பாதிக் குசினி மிஸ்."

இந்த முறையும் அவர் "என்ன?" என்று கேட்கவில்லை.

இந்த மனிதர் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் நாட்டு மின்சாரக் கொள்கை ஆட்சிக்கு ஆட்சி உடுப்பு மாற்றும். ஒருமுறை நிலக்கரி என்பார்கள், பிறகு வெயில் என்பார்கள், இப்போது எரிவாயு. எது வந்தாலும் சம்பூரில்தான் வந்து நிற்கும். புதுத் திட்டப்படி சம்பூர்க் கரையில் ஒரு மின்நிலையம். அதற்குரிய காஸ் கப்பலில் வரும், கடலுக்கு அப்பால் ஓர் எரிவாயு வயலிலிருந்து. அரசாங்கம் நீண்டகால ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்கப் போகிறது. அந்த வயலில் வேலை செய்தவர் இந்த இராகுலன். கிணறுகளில் வருடா வருடம் காஸ் குறைகிறது, ஒப்பந்தம் முடியுமுன்பே வயல் வற்றிவிடும் என்று அவருக்குத் தெரியும். நாளை காலை நகர மண்டபத்தில் மக்கள் கருத்துக் கேட்கிறார்கள். அதில் அவர் எழும்பிப் பேசினால் திட்டம் நிற்க இடமுண்டு. பேசாவிட்டால் காணிகள் போகும்.

அப்படிப் போகவிருக்கும் காணிகளில் ஒன்று தங்கேஸ்வரியுடையது. எங்களைக் கூலிக்குப் பிடித்த கட்சிக்காரர் அவர்தான். இரண்டாயிரத்து ஆறில் சம்பூரை விட்டு ஓடி, முகாம் முகாமாக இருந்து, பத்து வருடத்துக்குப் பிறகு காணியைத் திரும்பப் பெற்றவர். செவ்வாய்க்கிழமை காலை எங்கள் அலுவலகத்துக்கு வந்து, எஞ்சினியர் ஐயாவைக் காணவில்லை, தேடித் தாருங்கள் என்றார். நாள்தோறும் விறகு அடுப்பில் நிற்பவர். அவர் இருந்து எழும்பிய கதிரையில் மத்தியானம்வரை புகை மணந்தது. அதில் குந்தி நான் தின்ற சீனிப் பணிசுக்கே சுட்ட கருவாட்டு வாசம் வந்தது. இன்று காலையும் வந்தார். ஏதும் தெரிந்ததா என்று கேட்டார், இல்லை என்றதும் போய்விட்டார். மிஸ் மட்டும் அவர் போன பிறகு எழும்பி வந்து அந்தக் கதிரையில் கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். களைப்பாக்கும் என்று நினைத்தேன்.

சிலிண்டரைப் பஸ்ஸில் ஏற்ற விடமாட்டார்கள். தோளில் வைத்து நடக்கும் வயது இராகுலனுக்கு இல்லை. மிச்சம் எங்கள் ஓட்டோ இனம்தான். பஸ் நிலையத்தடி ஓட்டோக்காரர்களிடம் நான் விசாரித்தேன். பொலிசுக்குச் சொல்லாததை அவர்கள் எனக்குச் சொல்வார்கள். நான் சங்கச் சந்தா ஒழுங்காகக் கட்டுவதில்லை என்றாலும் சொல்வார்கள். முஹம்மது தம்பி என்பவர் நேற்றுப் பின்னேரம் முகமூடி போட்ட ஒருவரை ஏற்றியிருந்தார். கூடவே சாரத்தால் சுற்றிய ஒரு சாமான்.

"சாரம் கட்டினா சிலிண்டர் தெரியாதெண்டு நினைச்சிட்டார் பாவம்," என்றார் முஹம்மது தம்பி. "கட்டைபறிச்சான் சந்தியில இறக்கினன். திரும்பிப் பாக்கக்க, அதுக்கு மேலயே ஏறி இருந்தார், பஸ் தரிப்பு வாங்குல இருக்கிற மாதிரி. ஒருத்தரும் வரல்ல. நான் போகுமட்டும் அப்படியே இருந்தார்."

மிஸ் அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். எங்களுக்கு முதல் வேறு யாராவது இந்த மனிதரைப் பற்றி விசாரித்தார்களா? இல்லை என்றார் முஹம்மது தம்பி. இதே கேள்வியைப் பல்கீஸ் ராத்தாவிடமும் மூலைக் கடையிலும் மிஸ் கேட்டிருந்தார். அங்கேயும் இதே பதில்தான்.

நான் ஓட்டோவைக் கிண்ணியாப் பாலத்துப் பக்கம் திருப்பினேன். கட்டைபறிச்சானில் எத்தனை வீடு இருக்கும், எந்த வீட்டுக் கதவைத் தட்டுவது என்று கேட்டேன்.

"கட்டைபறிச்சான் இல்ல, அங்க வேற ஓட்டோ மாறியிருப்பார். நேர சம்பூருக்கு விடுங்க. தங்கேஸ்வரி அக்கா வீட்டுக்கு."

பிரேக்கில் கால் போய்விட்டது. பின்னால் வந்த லொறிக்காரன் என் பரம்பரையைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுப் போனான்.

மிஸ் சாவகாசமாக விளங்கப்படுத்தினார். செவ்வாய்க்கிழமை அந்தப் பெண்ணின் சேலையிலும் தலைமயிரிலும் விறகுப் புகை இருந்தது. அது தலை முழுகினால் போகும், அடுத்த வேளை சமைத்ததும் திரும்ப ஏறிவிடும் மணம். இன்று காலை ஒரு சொட்டு மணமும் இல்லை. அப்படியென்றால் நேற்று இரவிலிருந்து அவர் வீட்டில் விறகு எரியவில்லை. வறுமையில் அடுப்பு அணைந்ததா? இல்லை, அவருடைய விரல் நகத்தில் மஞ்சள் இருந்தது, அரைத்துக் கறி வைத்திருக்கிறார். ஆகவே காஸ். மீள்குடியேறியவர்களுக்கு ஒரு நிறுவனம் காஸ் குக்கர் கொடுத்தது. விலை ஏறியதும் எல்லோரும் அதைத் துணியால் மூடி வைத்துவிட்டு விறகுக்குத் திரும்பினார்கள். குக்கரும் ரெகுலேட்டரும் வீட்டில் கிடக்கும், காஸ் மட்டும் இருக்காது. மூச்சிழுப்புக்காரர் ஒருவர் புகைக் குசினி வீட்டில் ஒளித்திருந்தால் இரண்டாம் நாளே இருமித் தள்ளிவிடுவார். அதனால்தான் துணிந்து திரும்பி வந்து சிலிண்டரை எடுத்துப் போயிருக்கிறார்.

"ஒளிச்சு வைச்சவவே எங்களைக் கூலிக்குப் பிடிச்சு, தேடித் தாங்க எண்டு கேப்பாவா மிஸ்?"

"அதைத்தான் போய்க் கேக்கப் போறம்."

மூதூர் தாண்டிச் சம்பூருக்கு வந்தோம். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. ஒருபக்கம் வயல், மறுபக்கம் கம்பி வேலி. வேலிக்கு உள்ளே ஒரு மாடுகூட இல்லை, வெறும் புல். இத்தனை திட்டம் வந்து போனதற்கு மிச்சம் அந்த வேலிதான். அதைப் பார்த்துக்கொண்டே ஓட்டும்போது எனக்குக் கட்டாரில் இருக்கும் பெண்சாதியின் ஞாபகம் வந்தது. ஏன் வந்தது என்று தெரியவில்லை. வந்தது, மனம் பாரமாகிவிட்டது.

தங்கேஸ்வரியின் வீட்டுப் பின்பக்கம், வேப்பமரத்தடியில், சாரமும் பெனியனுமாக ஒருவர் குந்தியிருந்து குக்கரின் பேர்ணரை ஊசியால் குத்தித் துப்புரவாக்கிக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் ஓடவில்லை. ஊசியைப் பெனியனில் குத்திக்கொண்டு எழும்பினார்.

தங்கேஸ்வரி குசினி வாசலில் வந்து நின்றார். ஆச்சரியப்படவே இல்லை. "வந்திட்டீங்களா? இருங்க, சோறு வடிச்சிட்டு வாறன்," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

மிஸ் தன்னை அறிமுகப்படுத்தினார். இராகுலன் தாழ்ந்த குரலில் தன் கதையைச் சொன்னார். ஞாயிறு இரவு யாரோ போனில் கூப்பிட்டானாம். மண்டபத்துக்குப் போனால் உயிரோடு திரும்ப மாட்டாய் என்றானாம். பயந்துபோய்த் திங்கட்கிழமை இங்கே ஓடிவந்தாராம். இந்த வீட்டில் இருப்பது வெளியே தெரிந்தால் ஆபத்து என்றார்.

மிஸ் அவர் சொல்லி முடிக்கும்வரை கேட்டார்.

"ஐயா, இந்த நாளெல்லாம் நான் உங்களைத் தேடினனான். வீட்டுக்காரி, கடைக்காரர், ஓட்டோக்காரர் எல்லாரிட்டயும் ஒரே கேள்விதான் கேட்டனான், எனக்கு முதல் ஆராவது உங்களைக் கேட்டு வந்தவையா எண்டு. உயிரெடுக்கப் போறவன் ஆளைக் காணாட்டித் தேடுவான். உங்களை ஒருத்தரும் தேடேல்ல."

எனக்கு அந்த மனிதரின் முகத்தைப் பார்க்க ஏலாமல் போய்விட்டது. பொய் பிடிபட்ட வெட்கம் கொஞ்சம்தான் இருந்தது. மிச்சமெல்லாம் வேறு. யாராவது தேடியிருக்கக்கூடும் என்று அவர் உள்ளுக்குள் நம்பியிருக்கிறார்.

அவர் மறுபடி குந்தினார். அந்த நாட்டிலும் தான் எழும்பிச் சொன்னதாகச் சொன்னார். கிணறு இறங்குது, இதை நம்பி மின்நிலையம் கட்டாதீங்க என்று. மேசையில் இருந்தவர்கள் தலையாட்டினார்கள், தேத்தண்ணீர் கொடுத்தார்கள், பிறகு போய் இரண்டு மின்நிலையம் கட்டினார்கள். இப்போது இரண்டும் காஸ் இல்லாமல் சும்மா நிற்கின்றன, வரும் கொஞ்சக் காஸும் கப்பலில் விற்பனைக்குப் போகிறது. அதற்குப் பிறகு கூட வேலை செய்தவர்கள் அவரோடு கதைப்பதை விட்டுவிட்டார்கள்.

"இங்க வந்தாப் பிறகு என்னோட கதைச்சது இவ ஒராள்தான்," என்றார். "ஒவ்வொரு சனிக்கிழமையும் வருவா, கிழங்கோட. கிணறு ஏன் வத்துது, சொல்லுங்க எண்டு கேப்பா. நான் சொல்லுவன். அடுத்த சனி திருப்பிக் கேப்பா. நாளைக்கு நான் கதைச்சிட்டா அதுக்குப் பிறகு அவ ஏன் வரப்போறா? கதைக்காட்டியும் கோவத்தில வரமாட்டா. என்ன செய்யிறதெண்டு தெரியாம அந்தப் பொய்யைச் சொல்லிப்போட்டன். இங்க வா எண்டா. வந்திட்டன்."

"அது பொய்யெண்டு எனக்கு அண்டைக்கே தெரியும்," என்றது ஒரு குரல்.

தங்கேஸ்வரி சோற்றுப் பானையோடு பின்னால் நின்றார். அதைத் திண்ணமாக நிலத்தில் வைத்தார்.

"பயந்த சனத்தோடதான் நான் முகாமில வருசக்கணக்கா இருந்தனான். பயந்தவன் ரெண்டாந்தரம் சோறு கேக்கமாட்டான் ஐயா. நீங்க முதல் ராவே கேட்டனீங்க."

மிஸ்ஸின் முகத்தை நான் அப்போதுதான் பார்த்தேன். அவருக்கும் இது தெரியாது. புகை மணத்தை வைத்து ஆளைப் பிடித்தவர், கட்சிக்காரியின் மனதைப் பிடிக்கவில்லை. எங்கள் தொழிலில் இதைவிட வெட்கக்கேடு வேறில்லை. மூன்று நாளாக நாங்கள் தேடிய ஆளை, தேடச் சொன்னவரே மூன்று வேளையும் சோறு போட்டு வைத்திருந்திருக்கிறார், அவர் பொய் சொல்கிறார் என்று தெரிந்துகொண்டே.

தெரிந்தும் ஏன் ஒன்றும் கேட்கவில்லை என்றார் இராகுலன்.

"என்ர வீட்டில கை நனைக்கிற ஆளைப் பார்த்துப் பொய்யன் எண்டு சொல்ல எனக்கு வாய் வராது. எழும்பிப் போங்க எண்டும் சொல்ல ஏலாது. ஆனா நீங்க நாளைக்குப் போகத்தான் வேணும். வேற ஆராவது வந்து உங்களைக் கண்டுபிடிச்சுக் கூட்டிக்கொண்டு போனா நல்லம் எண்டு நினைச்சன். அதான் மிஸ்ஸிட்டப் போனனான்." சேலைத் தலைப்பால் கையைத் துடைத்தார். "ஆனா ஒண்டு ஐயா. இந்த ஊரில ஆளைக் கொண்டுபோகப் போறாங்க எண்டு பொய்யுக்கும் சொல்லக்கூடாது. என்ர மனுசனை என்ர கண்ணுக்கு முன்னாலதான் வாகனத்தில ஏத்தினவங்கள். நான் போகாத இடமில்ல, கேக்காத ஆளில்ல. தேடித் தர ஒருத்தரும் வரேல்ல. உங்களைக் காணேல்ல எண்டு மிஸ்ஸிட்டச் சொல்லக்க எனக்கு வாய் கூசினது."

அவர் நான்கு பீங்கான்களை வைத்துச் சோறு போட்டார். எல்லோருக்கும் போட்டு முடிந்த பிறகுதான் மிச்சத்தைச் சொன்னார்.

"நாளைக்குக் கதையுங்க. கதைச்சாப் பிறகு இங்க வாறதெண்டா வாங்க. கதைக்காட்டி வரவேண்டாம்."

திரும்பி வரும் வழியில், அவரை ஒருவரும் மிரட்டவில்லை என்று எப்போது சந்தேகம் வந்தது என்று மிஸ்ஸிடம் கேட்டேன். முதல் நாள் அந்த வீட்டுக்குப் போனபோதே என்றார். ஒருத்தரும் வந்து விசாரிக்காத வீடு எப்படியிருக்கும் என்று தனக்குத் தெரியும் என்றார். அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார், பால்மா முடிந்துவிட்டது என்று சொல்வதுபோல. எனக்கு ஒரு பகிடியும் வாயில் வரவில்லை. பாலத்தில் காற்று அடித்துக்கொண்டிருந்தது.

மறுநாள் மண்டபத்தில் மேசைக்குப் பின்னால் அதிகாரிகள் வரிசையாக இருந்தார்கள். சம்பூரிலிருந்து ஒரு பஸ் நிறையச் சனம் வந்து பின்வரிசைகளில் இருந்தது. மிஸ் கதவருகே நின்றார். இராகுலனின் பெயரைக் கூப்பிட்டார்கள். அவர் வருவாரா என்று எனக்கு அந்த நிமிடம்வரை நிச்சயமில்லை. முன்பக்கத்திலிருந்து கசங்கிய சேட்டோடு எழும்பினார்.

ஐந்து நிமிடம் பேசினார். கதைக்கத் தெரியாத மனிதர், ஆனால் சொன்னது விளங்கியது. சோடாப் போத்தலைத் திறந்த உடனே பொங்கும், பிறகு குலுக்கினாலும் பொங்காது, கிணறும் அப்படித்தான் என்றார். கையெழுத்து இருபது வருடத்துக்கு, கிணறு இருபது வருடத்துக்கு இல்லை என்றார். காஸ் வராத நாளிலும் அதற்குரிய காசை நாடு கட்ட வேண்டும் என்றார்.

தலைமை அதிகாரி கெட்டவரில்லை. மணிக்கணக்கில் கரண்ட் இல்லாமல் இருட்டில் இருந்த காலத்தை எல்லோரும் மறந்துவிட்டீர்களா, நாட்டுக்கு மின்சாரம் வேண்டாமா என்று கேட்டார். வேண்டும், ஆனால் இல்லாத காஸிலிருந்து அது வராது என்றார் இராகுலன். அதிகாரி தலையாட்டினார். மற்றவர்களும் தலையாட்டினார்கள். ஒருவர் போனைப் பார்த்தார். நன்றி, வேறு கேள்வி இல்லையென்றால் அடுத்தவர் என்றது மேசை.

இராகுலன் மைக்கைப் பிடித்தபடி நின்றார். இந்தத் தலையாட்டலை அவர் முன்பும் கண்டவர். அவர் தோள் இறங்குவதைப் பார்த்தேன்.

அப்போது பின்வரிசையில் தங்கேஸ்வரி எழும்பினார்.

"எனக்கு ஒரு கேள்வி இருக்கு. அந்தக் கிணறு வத்தினாப் பிறகு, எங்கட காணியைத் திருப்பித் தருவீங்களா?"

அவர் கேட்டது மேசையைப் பார்த்து. மேசையில் ஒருவர் மற்றவரைப் பார்த்தார். காகிதங்களைப் புரட்டினார்கள்.

"அந்த நாட்டில குடுக்கேல்ல," என்றார் இராகுலன் மைக்கில். "மின்நிலையம் நிண்டு போச்சு. வேலி இன்னும் இருக்கு. நான் போய்ப் பார்த்தனான்."

தலைமை அதிகாரி தொண்டையைச் செருமிக்கொண்டு, தேநீர் இடைவேளை என்று அறிவித்தார்.

சம்பூர்ச் சனத்தில் ஒருவரும் எழும்பவில்லை.